குன்னூர் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: ஊருக்குப் போகிறவர்களின் சின்ன நாய்கள் பற்றி

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

சீசனுக்கு முன் நடக்கும் உங்கள் கூட்டங்களில் தண்ணீர், குப்பை, கண்ட இடத்தில் நிறுத்தும் வண்டிகள் என்று பேசுவதற்கு எப்போதும் நிறைய இருக்கும். இந்த வருஷம் நாயும் சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்று, "குடியிருப்போர் பிறருடைய நாய்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கக் கூடாது" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டது. மற்ற சங்கங்களும் அதையே எழுதிக்கொள்ளப் போவதாகக் கேள்வி. அந்த வரி வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கேட்பது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குன்னூரை ஒட்டிய வெலிங்டன் பக்கம் குடியிருக்கிறேன். ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பத்து கிலோவுக்கு மேல் எடுப்பதில்லை. இந்த வயதில் ஒரு ராட்வீலர் இழுத்தால் அது போகிற இடத்துக்குத்தான் நானும் போக வேண்டியிருக்கும். லாசா, பொமரேனியன், பக், டாஷ், நாட்டு நாயிலேயே சிறுசாக இருப்பவை, அவ்வளவுதான். இதற்குக் காசு வாங்குகிறேன். அதனால் நோட்டீஸ் வந்தால் எனக்கு நஷ்டம் என்பதும் உண்மை. அதைக் கழித்துவிட்டே மீதியைப் படியுங்கள்.

மலையில் இருப்பவர்கள் கீழே இறங்காமல் காலம் தள்ள முடியாது. பெரிய ஆபரேஷன் என்றால் கோயம்புத்தூர். வைகாசியில் சொந்தத்தில் கல்யாணம், அப்புறம் பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பது, நடுவில் திடீரென்று ஒரு சாவு. நள்ளிரவில் நெஞ்சு வலி என்று ஆம்புலன்சில் ஏறுகிற குடும்பம் நாயைப் பற்றி யோசித்துக்கொண்டா நிற்கும்? கதவைப் பூட்டிக்கொண்டு ஏறிவிடும். நாய் பின்வாசலில் இருக்கும்.

முன்கூட்டியே திட்டமிட்டுப் போகிறவர்கள் வீட்டிலும் நாய் பெரும்பாலும் அதே பின்வாசலில்தான் இருக்கிறது. சங்கிலியில் கட்டிவிட்டு, பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடம் "ரெண்டு வேளை சோறு வெச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது நம் ஊர் வழக்கம். அந்த அக்காவும் சொன்னபடி காலையில் ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை வைத்துவிட்டுப் போவார். அதற்கப்புறம் விடியும் வரை அந்த வீட்டில் ஆள் கிடையாது. ஆள் இல்லாத வீட்டு நாய் குரைத்துக்கொண்டே இருக்கும். தேயிலைத் தோட்டத்தையும் சோலையையும் ஒட்டிய நம் தெருக்களில் அந்தக் குரைப்பு சிறுத்தையின் காதுக்குத்தான் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் மேல் தெருவில் ஒரு பொமரேனியன் அப்படித்தான் போனது. காலையில் அந்த அக்கா கூப்பிட்டுப் போய்ப் பார்த்தேன். சங்கிலி அறுபடவில்லை. அதன் முனையில் பெல்ட் மாட்டியபடி கிடந்தது, பக்கிள் மட்டும் வளைந்திருந்தது. முந்தின நாள் வைத்த பால்சோறு தட்டில் தொடாமல் இருந்தது. கல்யாண வீட்டுக்கு யார் போன் செய்வது என்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகு சில வாரங்களுக்கு அந்தத் தெருவில் இருட்டினால் பிள்ளைகளை வெளியே விடவில்லை. வனத்துறைக்கு மனு எழுதியது யார்? உங்களைப் போன்ற ஒரு சங்கம்தான்.

ஆகவே இது நாய் வளர்ப்பவர்களின் சொந்தப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. நோட்டீஸால் தெருவில் ஒரு நாய்கூடக் குறையப்போவதில்லை. இப்போது ஆள் இருக்கும் வீட்டில், கதவுக்குள் தூங்குகிற நாய், இனி ஆள் இல்லாத வீட்டின் பின்வாசலில் குரைக்கும்.

"கோயம்புத்தூரில் நாய் விடுதிகள் இருக்கின்றனவே, அங்கே கொண்டுபோய் விடட்டும்" என்று ஒரு நிர்வாகி என்னிடம் சொன்னார். நல்லபடி நடத்துகிறவர்கள் அங்கே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோயம்புத்தூர் 411 மீட்டரில். மே மாதத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் இந்த வித்தியாசத்தை ஒரு பக் தாங்க வேண்டும். நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூக்கு சப்பையாக இருக்கிற பக், ஷிட்சு வகைகளுக்கு அதுவும் சரியாக முடியாது. மலைக் குளிருக்குப் பழகிய லாசாவுக்கு உடம்பு முழுக்க முடி வேறு. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கும். திரும்பி வரும்போது காதுக்குள் உண்ணியோடு வரும். உண்ணியால் வருகிற காய்ச்சல் ரத்தத்தையே குறைத்துவிடும், முதலில் யாருக்கும் தெரியாது. பத்து நாள் கழித்து நாய் சாப்பிடாமல் படுத்த பிறகு ஈறைத் தூக்கிப் பார்த்தால் வெளுத்திருக்கும்.

கூடவே கூட்டிக்கொண்டு போகலாம்தான். கல்யாண மண்டபத்தில் விடமாட்டார்கள், ஆஸ்பத்திரியில் கேட்கவே வேண்டாம். ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் ஒரு அறையை முழுதாகப் பிடித்தால் நாயையும் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில், நாய்க்கூண்டுக்குள் போக வேண்டும். ஒரு நாள் கல்யாணத்துக்கு யார் இவ்வளவு செய்வார்கள்?

சொந்தக்காரர் யாரையாவது மேலே வரவழைத்து வீட்டில் இருக்கச் சொல்லலாமே என்பார்கள். இருக்கிற வழிகளில் அது நல்ல வழி. ஆனால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 என்று உயர் நீதிமன்றம் எண்ணிக்கையும் வைத்தது. பஸ்ஸில் வரலாம், அதற்கு பாஸ் வேண்டாம். ஆனால் பழக் கண்காட்சி நடக்கும் நாளில் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, பெரியம்மா நம் நாய்க்காக நின்றுகொண்டே வருவாரா என்பது அவரவர் குடும்ப விவகாரம்.

கடைசியில் பக்கத்து வீடுதான். வயசான நாய், கண் தெரியாத நாய் என்றால் அதன் வீட்டிலேயே இருக்கட்டும், ராத்திரி ஒருவர் அங்கே போய்ப் படுக்கட்டும். மற்றதெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் வீட்டுக்கு வரலாம். தடுப்பூசி முடியாத குட்டியை மட்டும் நாய் இருக்கிற எந்த வீட்டுக்கும் அனுப்பக் கூடாது. பார்வோ என்கிற கொடிய வயிற்றுப்போக்குக் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும்.

என்னிடம் ஒரு லாசா வரும். முதல் நாள் எதையும் தொடாது. கோழியைப் பிய்த்துப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் வீட்டு அம்மாவின் துவைக்காத பழைய ஸ்வெட்டரைக் கட்டில் அடியில் விரித்துவிட்டு நான் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவேன். அது ஸ்வெட்டரைச் சுற்றிச் சுற்றி வந்து, காலால் பிறாண்டி மேடாக்கி, அதன் மேல் படுக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சமையலறையில் தட்டை நக்கும் சத்தம் கேட்கும். சாப்பிடவில்லையே என்று பதறிப்போய் பிஸ்கட்டும் வர்க்கியும் கொடுத்துப் பழக்கினால்தான் வயிறு கெடும். நம் ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற சாக்லேட்டை மறந்தும் கொடுக்கக் கூடாது. நாலு கிலோ நாய்க்கு இருபது கிராம் டார்க் சாக்லேட் போதும், வாந்தியும் படபடப்பும் வந்துவிடும். விருந்தாளி வாங்கிவந்த டப்பாவை டீப்பாயில் வைக்காதீர்கள் என்று நாய் பார்த்துக்கொள்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் பயம். நோட்டீஸ் ஒட்டியவர்களும் காரணமில்லாமல் ஒட்டவில்லை. யாரோ ஒருவர் ஒரே வீட்டில் ஏழெட்டு நாய்களை அடைத்து வைத்தார். நாற்றமும் சத்தமும் தாங்காமல்தான் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். அது நியாயமான புகார். அதற்கு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துங்கள். ஒரு வீட்டில் வெளி நாய் இரண்டுக்கு மேல் கூடாது என்று எழுதுங்கள், நானே முதலில் கையெழுத்துப் போடுகிறேன். கழிவைப் பார்த்துக்கொள்கிறவரே அள்ள வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் நாய் வாசலில் இருக்கக் கூடாது. வெறிநாய்க்கடி ஊசி போட்ட அட்டை இல்லாமல் எந்த நாயையும் ஏற்கக் கூடாது. 1907-இல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தொடங்கி, தெற்கத்தி ஊர்களிலிருந்தெல்லாம் நாய்க்கடிக்கு மருத்துவம் தேடி ஆட்கள் வந்த ஊர் இது. இங்கே ஊசி அட்டை கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்பில் நாய் வளர்க்கவே கூடாது என்று சங்கங்கள் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அது அவரவர் சொந்த நாயைப் பற்றியது, காசுக்குப் பார்த்துக்கொள்வதைப் பற்றி அல்ல என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் பின்னால் வந்த 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதையும், சோறு தண்ணீர் போதுமான அளவு கொடுக்காமல் விடுவதையும் குற்றம் என்கிறது. நீங்கள் விதியாக எழுதுகிற ஒன்று, ஆட்களை அந்தக் குற்றத்தின் பக்கம் தள்ளுகிறதா என்று ஒரு முறை யோசியுங்கள்.

அந்த வரியை எடுத்துவிட்டு, சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வையுங்கள். நாய் பார்த்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள் பெயர், எத்தனை கிலோ வரை, எந்த நாட்களில் என்று எழுதட்டும். தினக்கூலியையும் சங்கமே பேசி முடிவு செய்யலாம். முந்நூறு ரூபாய் வைத்தால் தப்பில்லை, உணவு நாய்க்காரர் செலவு. நாயை ஒப்படைக்கும்போது ஊசி அட்டை, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண், "அவசரமென்றால் நான் வரும்வரை காத்திருக்காமல் வைத்தியம் பார்க்கலாம், செலவு என்னுடையது" என்று ஒரு கையெழுத்து. இந்தக் கடைசிச் சீட்டு இல்லாததால் ஆஸ்பத்திரி வாசலில் நாயைக் கையில் வைத்துக்கொண்டு போன் அடித்து அடித்து ஓய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் பெண்களையும் அந்த நோட்டில் சேருங்கள். இலை பறிக்கும் வேலை இல்லாத நாட்களில் அவர்களுக்கு அது நல்ல கூடுதல் வருமானம். நாய்களோடு பழகுவதில் பங்களாக்காரர்களைவிட அவர்கள் கெட்டி. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும் ராத்திரி தங்கத் தயார் என்றால் அவர் பெயரும் வரட்டும். இதுவரை அவரிடம் யாரும் தங்கச் சொல்லிக் கேட்டதுமில்லை, தங்குவதற்கு என்று காசு கொடுத்ததுமில்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள். நோட்டு நான் வாங்கி வருகிறேன். ஊசி அட்டையில் எதைப் பார்க்க வேண்டும், எந்தத் தேதி தாண்டக் கூடாது என்று காட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு இரண்டு டாஷ் வருகின்றன.

இப்படிக்கு,
வெலிங்டனிலிருந்து, நாய் பார்த்துக்கொள்ளும் ஒருவர்