சூர்யா ரசிகர் மன்றத் தம்பிமாருக்குப் படுவான்கரையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள தம்பிமாரே,

சூர்யாவின் பிறந்தநாளான ஜூலை 23 நெருங்குகிறது. மட்டக்களப்பு நகரில் பதாகைக்குக் காசு சேர்க்கத் தொடங்கியிருப்பீர்கள். கொண்டாட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்க, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் படிப்பிக்கும் உயர்தர வகுப்பு ஆசிரியருக்கு உரிமை உண்டுதானே.

சிவகுமாரின் மகனாக இருந்தும் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 1997இல் நடிக்க வந்தவர். ஆடவும் வராது, நடிக்கவும் வராது என்ற பேச்சை வாங்கிக்கொண்டே வளர்ந்தவர். 2013இல் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். 2020இல் 'சூரரைப் போற்று' படத்தைத் தியேட்டருக்குக் கொடுக்காமல் அமேசானில் வெளியிட்டபோது தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். அந்த விற்பனைப் பணத்தில் 5 கோடி இந்திய ரூபாயைக் கொரோனாக் காலத்தில் கஷ்டப்பட்டோருக்கு ஒதுக்கினார். தேசிய விருதும் அதே படத்துக்குத்தான் கிடைத்தது. இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நீங்கள் அதிகம் பேசாதது அவருடைய அகரம் அறக்கட்டளை வேலை செய்யும் விதத்தை. 2006இல் தொடங்கிய அந்த அமைப்பு, 2010 முதல் 'விதை' திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறது. விண்ணப்பம் வந்ததும் காசோலை எழுதிவிடுவதில்லை. தொண்டர்கள் பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள். சேர்த்துவிட்ட பிறகும் வழிகாட்ட ஆள் வைக்கிறார்கள்.

போன வருடம் வவுணதீவுப் பக்கம் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போனேன். குசினிக் கூரையில் உங்கள் பழைய பதாகை. சூர்யாவின் பாதி முகம் அடுப்புப் புகையில் கறுத்திருந்தது. ஆறு மீற்றர் நல்ல பிளாஸ்டிக், வீணாகவில்லை! அந்தப் பிள்ளையோ இரசாயனவியல் டியூஷனை நிறுத்தியிருந்தாள். வகுப்பு நகரத்தில், முடிய மாலையாகிவிடும், இருட்டினால் வழியில் யானைப் பயம்.

அகரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. அங்கே தமிழ்நாட்டில் கல்லூரிக் கட்டணம்தான் பெரிய சுவர். இங்கே இலங்கையில் பல்கலைக்கழகம் இலவசம், மகாபொல உதவித்தொகையும் உண்டு. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது அதற்கு முன்னால், உயர்தரத்தின் இரண்டு வருடங்களில்: பஸ் காசு, டியூஷன் காசு, நகரத்தில் தங்க ஓர் இடம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம் இதே மாவட்டத்தில் இருந்தும் அதன் வாசலை எட்டாமலே நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே பத்துக் கொப்பியைக் கொடுத்துப் பதினைந்து படம் எடுக்கும் வேலையை விட்டுவிடுங்கள். இந்த வருடம் இரண்டே இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பெடுங்கள். பரீட்சை முடியும்வரை விடாதீர்கள். உங்களில் வளாகம் போனவர்கள் இருக்கிறீர்கள். சனி, ஞாயிறுகளில் வந்து பாடம் சொல்லிக்கொடுங்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று அதிபர்மாரிடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் பௌதிகவியலும் இணைந்த கணிதமும்தான் சொல்வார்கள்.

இப்படிக்கு,
படுவான்கரை ஆசிரியர் ஒருவர்