எடை பொருந்தினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

‘இந்த மீன்கள் ஆண்டுக்கு இத்தனை டன் இரை தின்கின்றன’ என்று கணினி மாதிரிகளை நம்பிச் செய்திகள் வருகின்றன. கணக்கில் வந்த எடையும் வலையில் பிடித்த மீனின் எடையும் ஒத்துப்போவதையே அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது சான்றே ஆகாது.

1977-ல் கிட்செல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் மஞ்சள் பெர்ச், வால்ஐ (walleye) என்ற இரு நன்னீர் மீன்களுக்குப் பயன்படுத்திய ‘விஸ்கான்சின் மாதிரி’யையே பாருங்கள். தின்ற இரையின் ஆற்றலில் மூச்சு, நீச்சல், செரிமானம், கழிவு போக மிஞ்சுவதுதான் வளர்ச்சி. தொடக்க எடை, இறுதி எடை, அன்றாட நீர் வெப்பம், இரை வகைகளின் விகிதம், ஒரு கிராம் இரையில் எத்தனை ஜூல் என எல்லாவற்றையும் நாம்தான் கொடுக்கிறோம். நாம் கொடுத்த இறுதி எடை கிடைக்கும்வரை நிரல் தீனி அளவைக் கூட்டிக் குறைக்கிறது. பிறகு எடை பொருந்தாமல் என்ன செய்யும்? பிழையெல்லாம் தீனிக் கணக்கில் போய் ஒளிந்துகொள்ளும்.

பிழை நுழையும் வழிகள் பல. தொட்டியில் குஞ்சு மீனுக்கு அளந்த ஆக்சிஜன் செலவைப் பெரிய மீனுக்கும் நீட்டுகிறார்கள்; அதுவும் இல்லையென்றால் வேறு இனத்தின் எண்ணைக் கடன் வாங்குகிறார்கள். நீச்சலுக்கென ஓய்வுநிலைச் செலவை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். அது 1-ஆ, 2-ஆ என்பது பல நேரங்களில் ஊகம்தான். மீன் ஆழத்துக் குளிர்நீரில் இருக்க, மேல்நீர் வெப்பத்தைப் போடுவதும் உண்டு.

இரையின் தரத்தைப் பழைய பட்டியலிலிருந்து எடுப்பது இன்னும் ஆபத்து. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் சினூக் சால்மனின் முக்கிய இரை ஆல்வைஃப் என்ற சிறுமீன். அந்நிய மட்டிகள் பெருகிய பின், 2002–2004-ல் அளந்தபோது, வளர்ந்த ஆல்வைஃபின் கிராம் ஒன்றுக்கான ஆற்றல் 1979–1981-ஐவிட 23 விழுக்காடு குறைந்திருந்தது. நான்கு வயதில் 8 கிலோவை எட்ட, ஒரு சினூக் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக ஆல்வைஃப் தின்ன வேண்டும் என்று அதே ஆய்வு கணித்தது. பழைய எண்ணையே வைத்திருந்தால் எடை அப்போதும் அச்சாகப் பொருந்தியிருக்கும். இரைமீன்மீது விழும் சுமை மட்டும் குறைவாகத் தெரிந்திருக்கும். ஏரியில் எத்தனை சால்மன் குஞ்சு விடலாம் என்று முடிவெடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமா?

தீனியைத் தனியாக அளந்து ஒப்பிட்டால்தான் சோதனை. தொட்டியில் தீனியை எடைபோட்டுக் கொடுத்துப் பார்க்கலாம். இயற்கை நீரில், இரைவழி மீனின் உடலில் சேரும் பிசிபி (PCB) என்ற தொழிற்சாலை வேதி நச்சின் அளவிலிருந்து தின்றதைக் கணக்கிடலாம். மிச்சிகன் ஏரியின் லேக் ட்ரவுட் மீனுக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஆகவே இத்தகைய ஆய்வைச் செய்தியாக்கும்போது, மூச்சுச் செலவின் எண்கள் எந்த இனத்தில், எந்த எடை மீனில் அளந்தவை, இரையின் ஆற்றல் எந்த ஆண்டு அளவு என்று ஆய்வாளரிடம் உங்கள் நிருபர்கள் கேட்டுச் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மீன்வள ஆசிரியர்கள் இருவர்,
தூத்துக்குடி