வாளியை எங்கே மாட்டினாய்?

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கஜா புயலில் சாய்ந்தவற்றுக்குப் பதிலாக நீ நட்ட தென்னைகளில் சிவப்புக் கூன்வண்டு புகுந்துவிட்டதைப் படித்து வயிறு கலங்கியது. வண்டின் அழைப்பு வாசனையை வைத்து இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி மாட்டிய பிறகு வாளி நிறைய வண்டு விழுகிறது, ஆனால் பொறி தொங்கும் மரமும் பட்டுப்போனது என்கிறாய். 'காசு கொடுத்து வண்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேனோ?' என்று கேட்டிருக்கிறாயே, அழைத்துத்தான் இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

போன வசந்தத்தில் மகனைப் பார்க்க அமெரிக்காவில் ஜார்ஜியா போயிருந்தோம் அல்லவா? அவன் வீட்டுக்குப் பின்னால் பைன் காடு. பைன் என்றால் சாங்கி கடற்கரைச் சவுக்குக்கு அண்ணன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஜூரோங் கிடங்கில் நான் பார்த்ததெல்லாம் சரக்கை அடுக்கும் பைன் பலகைத் தட்டுகள், அதாவது பேலட்டுகள். 2002-இல் உலக விதி வந்தபின், மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்ததா என்று முத்திரையைத் தேடுவதே எனக்குப் பிழைப்பாயிற்று. எதற்கு என்று கேட்டால் "பூச்சி" என்பார்கள். அந்தப் பூச்சிகளில் ஒன்றை ஓய்வு பெற்ற பிறகுதான் நேரில் பார்த்தேன். பட்டை வண்டு. ஓர் அரிசி அளவுகூட இல்லை!

வனத்துறைப் பெண் ஒருவர் பொறியைக் காட்டினார். கறுப்புப் புனல்களை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்து, அடியில் ஒரு குவளை. தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தண்டு போலத் தெரியும். உள்ளே ஃபிரான்டாலின் என்ற வாசனையும், டர்பன்டைன் போன்ற பைன் மணமும். உன் கூன்வண்டில் ஆண் அழைக்கிறது. இந்த வண்டில் பெண் முதலில் பட்டையைத் துளைத்துவிட்டு அந்த ஃபிரான்டாலின் வாசனையால் ஊரையே கூப்பிடுகிறது. ஒன்றிரண்டு போனால் மரம் பிசினைப் பீய்ச்சி மூழ்கடித்துவிடும். ஆயிரக்கணக்கில் போனால் பிசின் தீர்ந்துவிடும். மரம் நிறைந்ததும் வெர்பினோன் என்று வேறொரு வாசனை கிளம்பும். அதுதான் 'ஹவுஸ்ஃபுல்' பலகை.

இத்தனை பெரிய காட்டுக்கு இந்தக் குவளை போதுமா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். அந்தக் குவளை வண்டுகளைக் கணக்கெடுக்க மட்டும்தானாம். பட்டை வண்டைத் தின்னும் இன்னொரு வண்டும் அதே வாசனையை மோப்பம் பிடித்து வந்து விழுகிறது. இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். பட்டை வண்டு ஏராளம், தின்னி குறைவு என்றால் அந்த ஆண்டு ஆபத்து. கோடையில் அந்த வட்டாரத்தின் மேல் விமானத்தில் பறந்து, வண்டு தாக்கிச் சிவந்த மரங்களைத் தேடிப் பிடித்து வெட்டுவார்கள்.

உனக்காக நான் மனத்தில் குறித்துக்கொண்டது இன்னொன்று. அந்தப் பொறியைப் பைன் மரத்தில் மாட்டவில்லை. தள்ளி, வேறு வகை மரங்களுக்கு நடுவே கம்பம் நட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அழைப்புக்கு வருகிற எல்லாம் குவளையில் விழுவதில்லை. விழாதவை பக்கத்து மரத்தில் குடியேறிவிடும்.

நீ தென்னையிலேயே மாட்டியிருக்கிறாய். முதலில் அதை அவிழ்த்து, இளமரங்களை விட்டுத் தள்ளி வேலியோரம் கொண்டுபோ. வாரம் ஒருமுறை எண்ணி எழுதி வை. நீ கணக்கில் எப்படி என்று எனக்குத் தெரியும், பேத்தியிடம் கொடுத்துவிடு. பட்டுப்போன மரத்தை விறகாகும் என்று தோப்பிலேயே போட்டு வைக்காதே; உள்ளே புழு இருக்கும். பச்சை மட்டையையும் வெட்டாதே, அந்தக் காயத்து வாசனைக்கே கூன்வண்டு வந்துவிடும்.

இங்கே எல்லாரும் நலம். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. தை மாதம் வருகிறோம். அதற்குள் நான்கைந்து வாரக் கணக்காவது எழுதி அனுப்பு.

உன் பழைய பெஞ்சுத் தோழன்