சத்துமாவு போதுமா என்று கேட்டாயே

தேங்காப்பட்டணம்

அன்புள்ள சுசீலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதினான்கு மாதப் பேரனுக்கு எடை 8 கிலோ என்றும், மேல்கைச் சுற்றளவு 12.1 செ.மீ. என்றும், மருத்துவர் மிதமான ஊட்டச்சத்துக் குறைபாடு என்று சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இறங்கினால்தான் அது கடும் குறைபாடு, 12.5 வரையிலான இடைப்பகுதியை எங்கள் அளவு நாடாவில் மஞ்சளாகக் காட்டியிருப்பார்கள். மஞ்சளில் இருக்கும் பிள்ளையை ஒரு வயிற்றுப்போக்கே சிவப்புக்குத் தள்ளிவிடும் என்பதால் நீ கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அங்கன்வாடிச் சத்துமாவு போதுமா, நிலக்கடலை விழுதுப் பொட்டலம் தேட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். அந்த விழுது முதலில் கடும் குறைபாட்டுக்காக உருவானது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி அடங்கும். மிதமான குறைபாட்டுக்கும் அவ்வகை விழுது மாவுக் கலவைகளைவிடச் சற்றே கூடுதலான பிள்ளைகளைத் தேற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது கிடைக்காத இடத்தில் ஊட்டமேற்றிய மாவோடு பால், எண்ணெய், சர்க்கரை சேர்த்துக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலே சொல்கிறது. பாலும் முட்டையும் வாங்க முடிகிற உன் வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

அதே வழிகாட்டுதலின்படி இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 முதல் 130 கலோரி வேண்டும். உன் பேரனுக்கு 800 முதல் 1,040 வரை வரும். அதில் ஏறக்குறைய பாதியை இந்த ஊட்டமேற்றிய மாவுக் கஞ்சி தர வேண்டும். மீதிப் பாதி தாய்ப்பாலும் வீட்டுச் சாப்பாடும்தான். மாவு கொடுத்தாயிற்று என்று மதியச் சோற்றை விட்டுவிடுவதையும், ஒரு பிள்ளைக்கென்று கொடுத்த மாவு வீடு முழுவதற்கும் புட்டாக அவிவதையும் இங்கே நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்திக்கு மட்டும் ஊட்டு என்று எந்தத் தாயிடம் சொல்வது?

உன் வீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே தவறு நடக்கக்கூடிய இடம் கஞ்சியின் பதம். பிள்ளையின் வயிறு சிறியது. கெட்டியாகக் கிண்டினால் விழுங்க மாட்டான். தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. இதற்கு முளைகட்டிய கேழ்வரகு நல்ல வழி. முளைகட்டி, வறுக்காமல் வெயிலில் உலர்த்தி அரைத்து வைத்துக்கொள். கெட்டியான கஞ்சியை இறக்கி, நன்றாகச் சூடு தணிந்ததும் அந்த மாவில் ஒரு சிறு கரண்டி அளவு எடுத்துப் போட்டுக் கிளறினால், கரண்டியில் ஒட்டி நின்ற கஞ்சி சில நிமிடங்களில் இளகி வழியத் தொடங்கும். முளையிலுள்ள நொதி மாப்பொருளை உடைப்பதால் வருவது இது. பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு ஊட்டு. மாவை வறுத்துவிட்டால் நொதி போய்விடும், கஞ்சி இளகாது. ஒவ்வொரு வேளையும் ஒரு சிறு கரண்டி தேங்காயெண்ணெய் விடு. 5 கிராமில் 45 கலோரி இருக்கிறது.

இங்கே மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, குழைத்து ஊட்டும் வழக்கம் உனக்குத் தெரியும். மரச்சீனியில் புரதம் மிகவும் குறைவு; பக்கத்தில் சாளை மீனோ நெத்தோலி மீனோ இருந்தால்தான் அது பிள்ளைக்கு உணவாகும். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும் என்பதால், உப்புப் போடாமல் உலர்த்திய நெத்தோலியைப் பொடித்து வைத்திருக்கிறேன். உனக்கும் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். ஒரு சிட்டிகையில் தொடங்கி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துக் கூட்டு.

எடையை மாதாமாதம் குறித்து எனக்கு எழுது. இரண்டு பாதங்களிலும் வீக்கம் தெரிந்தாலோ, சாப்பிடவே மறுத்தாலோ என் பதிலுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடு.

அன்புடன்,
லீலா