பழைய போர்டு போதும் நண்பா

பாடாங் செராய்,
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது என்று படித்ததும் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. தேதி வைத்ததும் முதல் ஆளாக எங்களுக்குச் சொல். இங்கே எல்லாரும் சுகம். நம் தோட்டத்தில் கடைசியாக நின்ற லயத்து வரிசை வீடுகளையும் போன மாதம் இடித்துவிட்டார்கள். குழாயடி மேடை மட்டும் லாலான் புல்லுக்குள் கிடக்கிறது. நீ பாட்டிகளை உட்காரவைத்துப் பேசவைத்துப் படம் எடுத்தாயே, அது எவ்வளவு பெரிய வேலை என்று அங்கே போய் நின்றபோதுதான் தெரிந்தது. அதை எப்படியும் முடித்துவிட வேண்டும்.

சரி, கணினிக்கு வருகிறேன். "எல்லாம் பழசு, மொத்தமாக மாற்றுங்கள்" என்று கடையில் சொன்னார்களாம். பணம் கட்டிவிடாதே. உன் பெட்டியில் இருப்பது ரைசன் 5 2600 புராசஸர், அதைத் தாங்கும் பி450 மதர்போர்டு. என் மகளுடையதும் அதே ஜோடிதான். அதில் புராசஸரை மட்டும் கழற்றிவிட்டு ரைசன் 5 5600 போட்டேன். ஒரே போர்டில், ஒரே ரேமில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மேசையில் பழைய பேப்பரை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே அளவு, அடியில் அதே 1331 ஊசிக்கால்கள், மூலையில் அதே தங்க முக்கோணம். விவரத்தைப் படித்தாலும் இரண்டுக்கும் 6 கோர் (கணக்குப் போடும் மூளைகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்), 65 வாட். உச்ச வேகம் 2600-க்கு 3.9 கிகாஹெர்ட்ஸ், 5600-க்கு 4.4. இந்தக் கணக்குப்படி எட்டில் ஒரு பங்குதான் கூட வர வேண்டும். ஆனால் நீ அனுப்பிய பாட்டி வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய 2600-க்கு 30 நிமிடம் ஆனது. 5600 அதை 20 நிமிடத்தில் முடித்துவிட்டது.

ஏன் தெரியுமா? 2018-இல் வந்த 2600-க்குள் ஆறு கோரும் மூன்று மூன்றாகப் பிரிந்து இரண்டு கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியாக 8 மெகாபைட் எல்3 கேஷ், அதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சின்ன நினைவகம். நம் மேல் லயம், கீழ் லயம் மாதிரிதான். லயத்துக்கு ஒரு குழாய். மேல் லயத்துக் குழாயில் இல்லாததை எடுக்க வாளியோடு திடலைத் தாண்டிப் போக வேண்டும். 2022-இல் வந்த 5600-இல் ஆறு பேரும் ஒரே லயம், வாசலிலேயே 32 மெகாபைட் தொட்டி. ரேம் வரை ஓடுகிற நடை நிறையக் குறைகிறது. அதோடு கோரின் உள்ளமைப்பே இரண்டு தலைமுறை மாறிவிட்டது. அந்த உள்ளமைப்புக்கு ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி கம்பெனி வைத்த பெயர் ஸென், 5600 ஸென் 3. அதே வேகத்தில் ஓடினாலும் ஸென் 2-இல் 15 சதவீதம், ஸென் 3-இல் அதற்கு மேல் 19 சதவீதம் கூடுதல் வேலை நடக்கும் என்று ஏஎம்டி அறிவித்தது. உன்னுடையது இந்த இரண்டுக்கும் முந்தியது. எடிட் செய்யும்போது டைம்லைனை இழுத்தால் படம் நின்று நின்று வருகிறது என்று எழுதியிருந்தாயே, மகளின் கணினியில் அந்தத் தொல்லை இப்போது இல்லை. ரேம் 8 ஜிபிதான் என்றால் அதையும் 16 ஆக்கிவிடு.

சின்னவனின் கேம்ஸில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதே. அந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டு தாங்குகிற அளவுதான் வரும். ஆனால் கார்டைக் கழற்றிவிடக் கூடாது, 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. கடையில் 5600ஜி என்று ஒன்றை நீட்டினால் வாங்காதே. அதில் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் கேஷ் பாதிதான், 16 மெகாபைட். உனக்கு அது வேண்டாம்.

விண்டோஸ் 11-க்காக மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்னதும் தப்பு. 2600 மைக்ரோசாப்ட் பட்டியலில் இருக்கிறது. போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்தால் போதும்.

மாற்றும்போது இரண்டு விஷயம். பயாஸை முதலில் அப்டேட் செய். பழைய புராசஸர் உள்ளே இருக்கும்போதே அதை முடித்துவிடு. காலையில் செய். சாயங்கால இடி மழையில் பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். அப்புறம், கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, புராசஸருக்கும் அதன் மேல் இருக்கும் கூலருக்கும் இடையே தடவிய பேஸ்ட் இளகியதும் நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருப்பி எடு. நேராக இழுத்தால் புராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம், கால்கள் வளைந்துபோகலாம். பழைய கூலரும் பவர் சப்ளையும் அப்படியே ஆகும்.

கழற்றிய 2600-ஐத் தூக்கிப் போட்டுவிடாதே. மகளுடையதைத் தங்கச்சி மகனுக்குக் கொடுத்துவிட்டேன். கோயில் ஆபீஸ் கணினியில் இன்னும் 4 கோர் ரைசன் 3 1200 ஓடுகிறது. அதற்கு விண்டோஸ் 11 ஆதரவு இல்லை. உன்னுடையதை அதில் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். ஊருக்கு வரும்போது கால்கள் வளையாமல் அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துவா.

அன்புடன்,
உன் பால்ய நண்பன்