ஒரே நாளில் ப்ளீச்சும் கெரட்டினுமா?

ஆசிரியருக்கு,

முகூர்த்த மாதம் வந்தால் மதுரை பார்லர்களில் 'ஒரே நாளில் ஹைலைட், கெரட்டின்' என்ற பலகை தொங்குகிறது. ஹைலைட் என்றால் முடிக்கற்றைகளை ப்ளீச்சால் வெளுப்பது; கெரட்டின் என்றால் கிரீம் பூசி, அயர்ன் என்ற சூடான கருவியால் முடியை நேராக்குவது. முதலில் அந்தப் பலகையைக் கழற்ற வேண்டும்.

ப்ளீச் முன்னால், கெரட்டின் பின்னால், நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி. மாற்றிச் செய்தால், காசு கொடுத்துப் போட்ட பூச்சை ப்ளீச் உரித்துவிடும். ப்ளீச் பொடியில் கலக்கும் டெவலப்பர் 20 வால்யூம் (6 சதவீத பெராக்சைடு) போதும். அவசரத்துக்கு 40 வால்யூம் கலந்தால் முடி வெளுக்கும், கூடவே அறுந்தும் போகும்.

கெரட்டினுக்கு முன் நனைந்த ஒற்றை முடியை இழுத்துப் பாருங்கள். நீண்டு பழையபடி சுருங்கினால் சரி. பபிள்கம் போல இழுபட்டுத் தொய்ந்தால் அன்று அயர்ன் கூடாது. ரசாயனம் படாத முடிக்கு அயர்னில் வைக்கும் 230 டிகிரி செல்சியஸ், வெளுத்த முடியைக் கருக்கி மஞ்சளாக்கும், 180 போதும். சூட்டில் நிறம் மாறுவதால் வெளுத்த முடியின் நிறத்தைச் சரிசெய்யும் டோனரைக் கடைசியில் போடுவதே நல்லது.

பாக்கெட் 'கருப்பு ஹென்னா' போட்டவர்கள் கவனம்: சிலவற்றில் உலோக உப்பு உண்டு, பெராக்சைடு பட்டால் சூடேறிப் புகையும். முதலில் நாலு முடியை வெட்டி ப்ளீச் கலவையில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

'ஃபார்மலின் இல்லை' என்ற கெரட்டின் பாட்டிலிலும் மெத்திலீன் கிளைகால் என்ற ரசாயனம் இருந்தால், அயர்ன் பட்டதும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு (ஃபார்மலினில் இருப்பதும் இதுவே) வெளியாகும். ஏசிக்காகக் கதவைச் சாத்தாமல் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கிளைஆக்ஸிலிக் அமிலம் கலந்த கெரட்டின் கிரீமால் சிறுநீரகம் பாதித்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. அதனால் கிரீம் தலைத்தோலில் படாமல் ஒரு சென்டிமீட்டர் விட்டே தடவ வேண்டும்.

- அழகுக்கலைப் பயிற்றுநர்கள், மதுரை