பாறை விடாத எண்ணெய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றதும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது, லேப் நினைப்பு மட்டும் போகவில்லை.

எண்ணெய்க் கிணறு வற்றினால் அடியில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்று கேட்டிருந்தாய். இல்லையப்பா. பெரும்பாலான எண்ணெய் வயல்களில் மூன்றில் ஒரு பங்கு மேலே வந்தாலே பெரிது.

அடியில் எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிற்பதில்லை. மணற்கல்லில் மணல் மணிகளுக்கு நடுவே உள்ள கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் இருக்கிறது. தண்ணீரை இறக்கித் தள்ளினால் கொஞ்சம் வரும். ராஜஸ்தானின் பார்மேரில் மங்களா வயல் இருக்கிறதே, 2004-இல் கண்டுபிடித்தது, அங்கே எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டி. மெழுகு அதிகம் என்பதால் வெளியே வந்து ஆறினால் உறைந்தே போகும். குழாயைச் சூடாக்கித்தான் குஜராத்துக்கு அனுப்புகிறார்கள். இப்படிப்பட்ட எண்ணெயைத் தள்ளப் போன தண்ணீர் சுலபமான வழி பார்த்து முந்திக்கொண்டு ஓடிவிடும். அதனால் தண்ணீரில் பாலிமர் தூளைக் கரைத்துக் கஞ்சிபோலக் கெட்டியாக்கி இறக்குகிறார்கள். அது பரவலாகத் தள்ளிக்கொண்டு போகும்.

அப்புறமும் துளித் துளியாகச் சிக்கிய எண்ணெய் மிஞ்சும். இடுக்கின் குறுகிய கழுத்தைத் தாண்ட அந்தத் துளி நெளிய வேண்டும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள இழுவிசை அதை நெளிய விடாது. அழுத்தத்தாலேயே தள்ள நினைத்தால் ஆயிரம் மடங்குபோல வேண்டியிருக்கும், அதற்குள் பாறையே பிளந்துவிடும். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வெறும் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் பிசுக்கு போகாது, சீயக்காய் போட்டால்தான் போகும். கிணற்றிலும் அதே வேலைதான். சோப்பு மாதிரியான மருந்து அந்த இழுவிசையை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடும். துளி நெளிந்து நழுவி வெளியே வரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது காரம் சேர்ப்பது. சலவைச் சோடாவைத் தண்ணீரோடு அனுப்பினால், எண்ணெயில் ஏற்கெனவே இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து பூமிக்கு அடியிலேயே சோப்பு உண்டாகும்! விலை உயர்ந்த மருந்து பாறையில் உள்ள களிமண்ணில் ஒட்டி வீணாவதையும் அது குறைக்கும். ஆனால் உப்பும் சுண்ணாம்பும் அதிகமுள்ள தண்ணீரானால் எல்லாம் கெட்டுவிடும். எத்தனையோ முறை லேபில் தெளிவாக இருந்த கரைசல் காலையில் திரிந்து கிடப்பதைப் பார்த்து மனசு விட்டுப் போயிருக்கிறது.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? மேசையில் ஒரு மணற்கல் துண்டு வைத்திருக்கிறேன். பேத்தியைக் கூட்டி வா, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லலாம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விடும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்